இரு நாட்காட்டிகள்: மேற்கு ஜேர்மனியின் சிற்றூர்ப் பள்ளியில் ஈழத்தமிழ் மாணவரின் ஒரு கல்வியாண்டு (1985–86)

முன்னுரை

புலம்பெயர் தமிழரின் கல்வி பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் முடிவிலிருந்தே தொடங்குகின்றன. எத்தனை பேர் மருத்துவராயினர், எத்தனை பேர் பொறியியலாளராயினர் என்ற கணக்கே அவற்றில் முதன்மை பெறுகின்றது. அந்தப் பிள்ளைகள் புதிய நாட்டின் வகுப்பறையொன்றில் முதன்முதலாக அமர்ந்த ஆண்டு எவ்வாறு கழிந்தது என்பது அரிதாகவே ஆராயப்பட்டுள்ளது. இக்கட்டுரை அந்த முதலாண்டை எடுத்துக்கொள்கின்றது. களம் மேற்கு ஜேர்மனியின் நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலன் மாநிலத்திலுள்ள சவர்லாந்து என்னும் மலைப்பகுதி. காலம் 1985 கோடையிலிருந்து 1986 கோடை வரையிலான கல்வியாண்டு.

அக்காலத்தில் நான் ஜேர்மன் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவனாக இருந்தேன். வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் அகதிகளுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றினேன். அப்பணியின்போது சிற்றூர்ப் பள்ளியொன்றின் ஆசிரியர் அறைக்கும் அகதிகள் தங்கியிருந்த கட்டடத்திற்கும் இடையே பலமுறை நடந்திருக்கின்றேன். அந்நினைவுகளை அக்காலச் சட்டங்கள், பள்ளி விதிகள் ஆகியவற்றோடு ஒப்புநோக்கி இங்கு தருகின்றேன். பள்ளியின் பெயரையும் மாணவரின் பெயர்களையும் தவிர்த்துள்ளேன்.

இக்கட்டுரையின் கருத்து இதுவே. அகதிக் குடும்பத்தில் இரு காலக்கணக்குகள் அருகருகே நிலவின. பெரியவர்களின் காலம் தஞ்சக் கோரிக்கை விசாரணையின் காலம். அது கடித உறைகளாலும் தற்காலிக அனுமதியின் நீடிப்புகளாலும் அளக்கப்பட்டது. பிள்ளையின் காலம் பள்ளியாண்டின் காலம். அது நேரசூசியாலும் விடுமுறைகளாலும் தேர்ச்சி அறிக்கைகளாலும் அளக்கப்பட்டது. பள்ளியாண்டு பிள்ளைக்கு முன்னோக்கிச் செல்லும் காலமொன்றை வழங்கியது. ஆயினும் அப்பிள்ளை எதுவரை செல்லலாம் என்ற எல்லையையும் அதே பள்ளி, பலவேளைகளில் அறியாமலேயே, வரைந்தது.

1. சிற்றூருக்கு வந்த வழி

1983 ஜூலை வன்செயல்களின் பின்னர் மேற்கு ஜேர்மனியில் தஞ்சம் கோரிய இலங்கையரின் தொகை விரைந்து உயர்ந்தது. 1985ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 17,000 பேர் விண்ணப்பித்தனர்; அவர்களுள் மிகப் பெரும்பாலானோர் தமிழர். பலர் கிழக்குப் பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர்த் தொடருந்தில் மேற்குப் பெர்லினுக்கு வந்தனர். பெர்லினைப் பிரித்த எல்லையை நாட்டெல்லையாக மேற்குத் தரப்பு ஏற்காமையால் அங்கு அதன் கடவுச்சீட்டுச் சோதனை இருக்கவில்லை. மேற்கு ஜேர்மன் நுழைவு அனுமதி இல்லாத தமிழருக்கு அவ்வழியைக் கிழக்கு ஜேர்மன் அரசு 1985 ஜூலையில் மூடியது.

வந்தோரை எங்கு குடியமர்த்துவது என்பதை 1982ஆம் ஆண்டின் தஞ்ச நடைமுறைச் சட்டம் வகுத்திருந்தது. மாநிலங்களுக்குப் பங்கீட்டு முறையில் ஆட்கள் ஒதுக்கப்பட்டனர். மாநிலங்கள் அவர்களை ஊராட்சிகளுக்குப் பகிர்ந்தன. இதனாலேயே யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் ஃபிராங்ஃபுர்ட், கேல்ன் போன்ற பெருநகரங்களில் மட்டுமன்றி, சில ஆயிரம் மக்களே வாழும் மலைநாட்டு ஊர்களிலும் குடியேற நேர்ந்தது. ஒதுக்கப்பட்ட மாவட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியேறக் கூடாது என்ற விதியும் அதே சட்டத்தில் இருந்தது. இந்த விதி பள்ளியாண்டின் கடைசி வாரங்களில் மீண்டும் நம்முன் வரும்.

வந்தோருள் பெரும்பான்மையினர் இளம் ஆண்கள். பிள்ளைகள் சிலரே. சிலர் தாயுடன் வந்தனர். சிலர் முன்னரே வந்திருந்த சித்தப்பாவிடமோ மாமாவிடமோ தனியாக அனுப்பப்பட்டனர். பிள்ளையைத் தனியே அனுப்பிய பெற்றோர் ஊரிலிருந்து எழுதிய கடிதங்கள் சிலவற்றை வாசித்துக் காட்டும்படி என்னிடம் தந்திருக்கின்றனர். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வந்த செய்தி ஒன்றே: படிப்பைக் குழப்ப வேண்டாம். 1970களின் தொடக்கத்தில் வந்த பல்கலைக்கழக அனுமதித் தரப்படுத்தலையும் 1981இல் யாழ் பொது நூலகம் எரிக்கப்பட்டதையும் கண்ட தலைமுறையின் குரல் அது. கல்வி இழக்கப்பட்டதன் அடையாளமாகவும் மீட்கப்பட வேண்டியதாகவும் அவர்களுக்கு இருந்தது.

2. பள்ளியின் முன்வரலாறு

மாணவர் நுழைந்த பள்ளி 'ஹவுப்ட்சூலே' எனப்படும் வகையைச் சார்ந்தது. ஜேர்மன் முறையில் பிள்ளைகள் நான்காம் வகுப்பின் பின், பத்து வயதளவில், மூன்று வழிகளில் பிரிக்கப்பட்டனர். பல்கலைக்கழகத்திற்கு இட்டுச்செல்வது கிம்னாசியம். அலுவலக, தொழில்நுட்பப் பணிகளுக்கு உரியது றியால்சூலே. கைத்தொழிலுக்கும் ஆலைவேலைக்கும் ஆயத்தப்படுத்தியது ஹவுப்ட்சூலே. இடைநடுவில், மொழியறியாது வந்த பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு முதலிரண்டு வழிகளும் நடைமுறையில் அடைபட்டிருந்தன. ஊரில் இருந்த பள்ளி ஹவுப்ட்சூலே. ஆகவே பிள்ளை அங்கு சேர்க்கப்பட்டது. திறமை அளக்கப்பட்டு எடுக்கப்பட்ட முடிவு அன்று அது. முகவரியால் எடுக்கப்பட்ட முடிவு.

நாட்டுப்புறக் கல்வியின் பின்தங்கிய நிலை ஜேர்மனியரே நன்கறிந்த ஒன்று. 1964இல் கெயோர்க் பிஃக்ட் என்பார் நாட்டின் கல்வி பேரழிவை நோக்கிச் செல்வதாக எச்சரித்தார். மறுவருடம் சமூகவியலாளர் ரால்ஃப் டாரன்டோர்ஃப் கல்வி குடிமக்களின் உரிமை என வாதிட்டார். நாட்டுப்புறத்துக் கத்தோலிக்கத் தொழிலாளியின் மகள் என்ற உருவம் கல்வியில் பின்தள்ளப்பட்டோரின் குறியீடாக அக்காலத்து விவாதங்களில் நிலைத்தது. ஓராசிரியர் கிராமப் பள்ளிகள் மூடப்பட்டு, பல ஊர்களுக்குப் பொதுவான பெரிய பள்ளிகள் கட்டப்பட்டதும் பேருந்துகள் பிள்ளைகளை ஏற்றிவரத் தொடங்கியதும் 1960களிலும் 70களிலும் நிகழ்ந்த சீர்திருத்தத்தின் விளைவுகள். நான் அறிந்த பள்ளியும் அவ்வாறு பிறந்ததே. காலை ஏழு மணிக்கு முன்பே இருளில் பேருந்துக்காக நிற்பது, தமிழ் மாணவர் கற்ற முதல் ஜேர்மன் ஒழுங்காக அமைந்தது.

அவ்வட்டாரத்திற்கு அகதிகள் புதியவரும் அல்லர். 1945இன் பின் சிலேசியா, பொமரேனியா, கிழக்குப் பிரசியா முதலிய பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜேர்மனியருள் ஏறத்தாழ 80 லட்சம் பேர் 1950இல் மேற்கு ஜேர்மனியில் வாழ்ந்தனர். குண்டுவீச்சில் நகரங்கள் அழிந்திருந்தமையால் சிற்றூர்களே அவர்களை முதலில் தாங்கின. நான் சந்தித்த வகுப்பாசிரியரும் சிறுவயதில் சிலேசியாவிலிருந்து தாயுடன் அவ்வூருக்கு வந்தவர். அவர் அதை எனக்குச் சொன்னது ஒரே ஒரு முறை, புதிய மாணவனுக்கு எந்த இருக்கை தருவது என்று பேசும்போது. முதல் வரிசையில் வேண்டாம், சன்னலோரத்தில் இருக்கட்டும் என்றார். எல்லோரும் தன்னையே பார்ப்பதாக உணரும் பிள்ளைக்கு வெளியே பார்க்க ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய விளக்கம்.

அதே ஆண்டு மே 8ஆம் நாள், போர் முடிந்த நாற்பதாம் ஆண்டு நிறைவில், குடியரசுத் தலைவர் ரிகார்ட் ஃபொன் வைட்செக்கர் நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். துன்புறுத்தப்பட்டோர் ஒருகாலத்தில் மூடிய எல்லைகளின் முன் நின்றதை நினைவுகூர்வோர், இன்று உண்மையாகத் துன்புறுத்தப்பட்டு வருவோருக்குக் கதவடைக்கமாட்டார் என்ற கருத்தும் அவ்வுரையில் இருந்தது. அவ்வுரையின் அச்சுப் பிரதியொன்று ஆசிரியர் அறையில் கிடந்தது. சில வாரங்களின் பின் அப்பள்ளியின் வாசலுக்கு முதல் தமிழ் மாணவன் வந்தான்.

3. உரிமையும் கடமையும்

சட்டத்தின் நுண்மையொன்றை இங்கு சுட்ட வேண்டும். ஜேர்மனியில் பள்ளிக்குச் செல்வது பிள்ளையின் சட்டக்கடமை. ஆனால் கல்வி மாநிலங்களின் அதிகாரத்திற்குட்பட்டது. தஞ்சம் கோருவோரின் பிள்ளைகளுக்கு இக்கடமை உண்டா என்பதில் மாநிலங்கள் வேறுபட்டன. பல மாநிலங்களில் அவர்கள் பள்ளிக்கு வரலாம், வரவேண்டும் என்பதில்லை. நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலனில் அவர்களையும் கட்டாயக் கல்விக்குள் தெளிவாகக் கொண்டுவந்தது 2005ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டமே.

கடமை இல்லாதவிடத்து உரிமை மற்றவரின் நல்லெண்ணத்தைச் சார்ந்துவிடுகின்றது. அதிபர் இடமுண்டு என்றால் பிள்ளை சேர்ந்தது. இடமில்லை என்றால் முறையிட வழி தெரியவில்லை. நான் அறிந்த பள்ளியின் அதிபர் தயங்கவில்லை. அடுத்த பள்ளத்தாக்கில் இருந்த இன்னொரு பள்ளி, விசாரணை முடியட்டும் என்று கூறி ஒரு சிறுமியைப் பல மாதங்கள் காக்க வைத்தது. விசாரணை முடிய ஆண்டுகள் ஆகும் என்பதை அங்கிருந்த யாரும் அப்போது அறியவில்லை. இரு பிள்ளைகளும் யாழ் மாவட்டத்தின் ஒரே தொகுதியைச் சேர்ந்தவர்கள். ஒரே விமானத்தில் வந்தவர்கள்.

4. ஆண்டின் சுற்று

4.1 இலையுதிர்காலம்

1964இன் ஹம்பூர்க் உடன்படிக்கைக்கு முன் மேற்கு ஜேர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் பள்ளியாண்டு ஈஸ்டரை ஒட்டித் தொடங்கியது. அதன் பின்னர் எங்கும் ஆண்டுத் தொடக்கம் கோடைக்குப் பிந்தியதாயிற்று. இலங்கையில் அது ஜனவரியில் தொடங்கியது. ஆகவே எட்டாம் வகுப்பில் அரையாண்டு படித்துவிட்டு வந்த மாணவன் மீண்டும் ஏழாம் வகுப்பின் தொடக்கத்தில் அமர்த்தப்பட்டான். ஓர் ஆண்டு பின்தள்ளப்பட்டதை அவன் தண்டனையாகவே எடுத்துக்கொண்டான். தவறு என்ன என்று என்னைக் கேட்டான்.

முதல் மாதங்களில் வகுப்பறை ஒலியாகவே இருந்தது. தமிழ்மொழி வழியில் கற்று, ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்திருந்த அவனுக்கு மூன்று பாடங்கள் கைகொடுத்தன. முதலாவது கணிதம், பின்னங்களிலும் இயற்கணிதத்திலும் அவன் வகுப்பைவிட முன்னே இருந்தான். இரண்டாவது ஆங்கிலம், ஹவுப்ட்சூலே மாணவருக்கும் அது ஐந்தாம் வகுப்பில் தொடங்கிய அந்நிய மொழியே. மூன்றாவது விளையாட்டு. கணித வகுப்பில் கரும்பலகைக்கு அழைக்கப்பட்ட நாளில் அவன் வாய்திறவாமல் கணக்கைச் செய்து முடித்ததும், பின்வரிசையில் யாரோ மேசையில் தட்டினராம். தட்டுவது இங்கு பாராட்டு என்பதைப் பின்னர்தான் அறிந்தான்.

ஒக்டோபரில் இலையுதிர்கால விடுமுறை வந்தது. முதியோர் அதனை இன்னும் உருளைக்கிழங்கு விடுமுறை என்றே அழைத்தனர். பிள்ளைகள் வயலில் கிழங்கு பொறுக்கிய காலத்தின் எச்சம் அது. வெங்காயமும் புகையிலையும் நட்ட குடும்பத்திலிருந்து வந்த சிறுவனுக்கு இச்செய்தி மட்டும் உடனே விளங்கியது.

நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். மாலையில் கீழ்வகுப்புப் பிள்ளைகள் கடதாசி விளக்குகளுடன் ஊர்வலம் செல்வர். மேல்வகுப்பினர் அவர்களுக்கு வழிகாட்டுவர். அவ்வாண்டு தீபாவளியும் அதே வாரத்தில் வந்தது. தங்குமிடத்தின் கூட்டுச் சமையலறையில் எண்ணெய்ச் சட்டி வைக்க அனுமதி இல்லாமையால் பலகாரம் எதுவும் செய்யப்படவில்லை. ஊர்வலத்திலிருந்து கொண்டுவந்த விளக்கை ஒரு பிள்ளை சன்னலில் வைத்ததாகவும், அதைக் கண்டு தாய் அழுததாகவும் பின்னாளில் கேள்விப்பட்டேன்.

4.2 குளிர்காலம்

ஜேர்மன் அரசியலமைப்பு சமய பாடத்தை அரசுப் பள்ளிகளின் முறையான பாடமாக ஏற்கின்றது. கத்தோலிக்கம் வேரூன்றிய சவர்லாந்தில் அது வெறும் பெயரளவிலான பாடமன்று. தமிழ்க் கத்தோலிக்கப் பிள்ளைகள் அவ்வகுப்பில்தான் முதன்முதலாக வீட்டை உணர்ந்தனர். மொழி விளங்காவிட்டாலும் பூசையின் ஒழுங்கு தெரிந்திருந்தது. சைவப் பிள்ளைகளுக்கு விலக்கு உண்டு. ஆயினும் அந்த ஒரு மணிநேரம் நடைக்கூடத்தில் தனித்திருப்பதைவிட வகுப்பில் இருப்பதையே அவர்கள் விரும்பினர்.

ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை, தைப்பொங்கல். பள்ளி நாட்காட்டியில் அதற்கு இடமில்லை. அந்நாளில் ஒரு சோதனை இருந்தது. விடுப்புக் கேட்கலாமா எனச் சித்தப்பா என்னிடம் கேட்டார். மாணவனே வேண்டாம் என்றான். இரு நாட்காட்டிகளும் மோதிய அந்த முதல் நாளில் அவன் பள்ளியின் நாட்காட்டியைத் தெரிந்தான். தேர்வு எழுதிவிட்டு வந்தவனுக்கு மாலையில் மின்னடுப்பில் பொங்கல் காத்திருந்தது.

மாத இறுதியில் அரையாண்டுத் தேர்ச்சி அறிக்கை வந்தது. ஜேர்மனியில் ஒன்று மிகச் சிறந்த புள்ளி, ஆறு மிகத் தாழ்ந்தது. நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கில் வளர்ந்த வீடுகளில் இது பெருங்குழப்பத்தை விளைவித்தது. கணிதத்தில் ஒன்றும் ஆங்கிலத்தில் இரண்டும் ஜேர்மன் மொழியில் ஐந்தும் பெற்ற அறிக்கையைக் கண்ட சித்தப்பா, மொழிப் பாடத்திற்காக அவனைப் பாராட்டிக் கணிதத்திற்காக ஏசினார். நான் விளக்கியதும் சிரித்தார். பின்னர் நெடுநேரம் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தார். அவருடைய கோப்பில் இருந்த அரசுத் தாள்கள் யாவும் அவரை யாரென ஐயுற்றன. இந்தத் தாள் ஒன்றே பெயரையும் பிறந்த நாளையும் ஐயமின்றி எழுதியிருந்தது.

4.3 இளவேனில்

ஏப்ரல் 26, 1986இல் செர்னோபில் அணுவுலை வெடித்தது. ஏப்ரல் முடிவில் கதிரியக்க முகில் ஜேர்மனியை அடைந்தது. மிகுந்த பாதிப்பு தெற்கிலேயே எனினும், அச்சம் நாடு முழுவதும் பரவியது. பிள்ளைகளைப் புல்லிலும் மணலிலும் விளையாட விடவேண்டாம், கீரைவகைகளைத் தவிர்க்க வேண்டும், பாலைக் கவனிக்க வேண்டும் என்ற அறிவுரைகள் நாள்தோறும் மாறிமாறி வந்தன. பள்ளி, பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது.

அந்தச் சுற்றறிக்கையைத் தங்குமிடத்தில் வாசித்துப் பொருள் கூறியவன் அம்மாணவனே. எட்டு மாதங்களுக்கு முன் பேருந்து நிறுத்தத்தின் பெயரைச் சொல்லத் தெரியாதிருந்தவன், பத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களுக்கு எந்தப் பாலை வாங்கலாம் என்று விளக்கினான். அன்றிலிருந்து மருத்துவரிடமும் அஞ்சலகத்திலும் அலுவலகங்களிலும் அவனே மொழிபெயர்ப்பாளன். என் பணி அவ்வூரில் குறைந்தது. இதனைச் சாதனையாக மட்டும் எழுதுவது எளிது. நிராகரிப்புக் கடிதத்தைப் பெற்றோருக்கு வாசித்துக்காட்ட நேர்ந்த பதினான்கு வயதுப் பிள்ளைகளும் இருந்தனர் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வீட்டுப் பொருளியல் பாடமும் இப்பருவத்தில் நடந்தது. ஹவுப்ட்சூலேயில் ஆண்பிள்ளைகளும் சமையல் கற்றனர். அம்மாணவன் அதைத் தங்குமிடத்தில் சொல்லாமல் மறைத்தான். பின்னர் அவன் செய்துகாட்டிய உருளைக்கிழங்கு அடையைத் தின்ற சித்தப்பா, மிளகாய் இல்லை என்பதைத் தவிர வேறு குறை சொல்லவில்லை.

4.4 கோடை

ஆண்டின் இறுதி வாரங்கள் வகுப்புப் பயணத்திற்கும் விளையாட்டுப் போட்டிக்கும் உரியவை. வகுப்பு நெதர்லாந்தின் கடற்கரைக்குச் செல்வதாக முதலில் பேச்சு இருந்தது. தஞ்சம் கோருவோர் நாட்டெல்லையைக் கடக்க இயலாது. மாவட்ட எல்லையைக் கடக்கவே வெளிநாட்டவர் அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும். வகுப்பாசிரியர் பயண இடத்தை ஜேர்மனியின் வடகடற்கரைக்கு மாற்றினார். காரணத்தை வகுப்பில் கூறவில்லை. அனுமதிச் சீட்டு புறப்படும் நாளுக்கு முதல்நாளே கிடைத்தது. ஐந்து நாள்களும் சேருமிடமும் அதில் குறிக்கப்பட்டிருந்தன. ஆசிரியர் அதனை முதலுதவிப் பெட்டிக்குள் வைத்துச் சுமந்தார்.

இவ்வகைத் தடையை ஐரோப்பிய ஒன்றியம் 1994 நவம்பரில் தான் ஓரளவு நீக்கியது. உறுப்பு நாடொன்றில் வதியும் வேற்றுநாட்டு மாணவர், பள்ளியின் பெயர்ப்பட்டியல் ஒன்றைக் கொண்டு பிற உறுப்பு நாடுகளுக்கு வகுப்புடன் பயணம் செய்ய அப்போது வழி செய்யப்பட்டது.

விளையாட்டுப் போட்டி 1951 முதல் நாடு முழுவதும் நடத்தப்படும் இளையோர் விளையாட்டாகும். ஓடுதல், பாய்தல், எறிதல் ஆகியவற்றில் புள்ளிகள் கூட்டப்படும். உயர்ந்த புள்ளி பெறுவோருக்கு வழங்கப்படும் சிறப்புச் சான்றிதழில் குடியரசுத் தலைவரின் கையொப்பம் அச்சிடப்பட்டிருக்கும். அம்மாணவன் அதனைப் பெற்றான். ரிகார்ட் ஃபொன் வைட்செக்கரின் கையொப்பமிட்ட அந்தச் சான்றிதழும், தஞ்சக் கோரிக்கையை நிராகரித்த கடிதமும் அதே மாதத்தில் அந்த அறைக்கு வந்தன. சித்தப்பா முதலாவதைச் சட்டத்தரணியிடம் எடுத்துச் சென்று, நாட்டின் தலைவரே ஒப்பமிட்டிருக்கின்றாரே, இது பயன்படாதா என்று கேட்டார். சட்டத்தின்படி அதற்கு எப்பொருளும் இல்லை. ஆனால் அக்கேள்வி பொருளற்றதன்று. ஒரே அரசு ஒரு பிள்ளையிடம் இரு குரல்களில் பேசியது. எது அதன் உண்மையான குரல் என்பதையே அவர் கேட்டார்.

ஆண்டிறுதித் தேர்ச்சி அறிக்கையில் ஜேர்மன் மொழிக்கு நான்கு. மேல்வகுப்பிற்கு உயர்த்தப்பட்டான் என்ற வரி அதன் கீழே இருந்தது.

5. மூன்றாவது நாட்காட்டி

பள்ளிக்கும் விசாரணைக்கும் அப்பால் தமிழின் நாட்காட்டி ஒன்றும் மெல்ல உருவாகி வந்தது. 1955 முதல் 1968 வரை தொழிலாளர் ஒப்பந்தம் செய்யப்பட்ட இத்தாலி, கிரேக்கம், துருக்கி, யூகோஸ்லாவியா போன்ற நாடுகளின் மொழிகளுக்குப் பள்ளிகளில் தாய்மொழி வகுப்புகள் இருந்தன. 1977இன் ஐரோப்பிய சமூக நெறிமுறையும் உறுப்பு நாடுகளிலிருந்து வந்த தொழிலாளரின் பிள்ளைகளையே முதன்மையாகக் கருதியது. ஒப்பந்தத்தின் வழி வராத தமிழுக்கு அவ்வரிசையில் இடமில்லை. 1985இல் தமிழ் கற்பித்தது தங்குமிடத்தின் ஒரு மேசை; நூல், இலங்கைப் பாடப்புத்தகத்தின் படப்பிரதி; ஆசிரியர், ஊரில் ஆசிரியராயிருந்து இங்கு வேலைசெய்ய அனுமதியற்றிருந்த ஒருவர்.

அந்த மேசைகளிலிருந்தே பின்னைய நிறுவனங்கள் எழுந்தன. 1990இல் தமிழ்க் கல்விக் கழகம் அமைந்து, நாடெங்கும் தமிழாலயங்களை ஒரே பாடத்திட்டத்தின்கீழ் கொண்டுவந்து, ஆண்டுதோறும் பொதுத் தேர்வு நடத்தியது. நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலன் அரசு பின்னர் தமிழையும் தன் பிறப்பிட மொழிப் பாடங்களுள் சேர்த்தது. 1988இல் ஹேர்ண நகரில் முதல் இலக்கியச் சந்திப்பு கூடியது. ஹம் நகரில் காமாட்சி அம்பாள் ஆலயம் 2002இல் குடமுழுக்குக் கண்டது. அதன் தேர்த்திருவிழா இன்று பள்ளி நாட்காட்டிகளுக்கும் பழக்கமான ஒன்றாகிவிட்டது. இவற்றைப் பற்றி மார்ட்டின் பௌமன் முதலியோர் விரிவாக எழுதியுள்ளனர். ஆலயத்தின் வரலாறு எழுதப்பட்ட அளவிற்கு அந்த மேசையின் வரலாறு எழுதப்படவில்லை.

6. ஆண்டிற்குப் பின்

1986 ஒக்டோபரில் கிழக்கு ஜேர்மனி, பெர்லின் வழியை எல்லா நாட்டவருக்கும் மூடியது. 1987இல் தஞ்சம் கோருவோருக்கான வேலைத்தடை ஐந்தாண்டுகளாக நீட்டப்பட்டது. இதன் சுமை ஹவுப்ட்சூலே மாணவர்மீதே மிகுதியாக விழுந்தது. ஹவுப்ட்சூலேயின் பயன் அதன் பின்வரும் தொழிற்பயிற்சியில் உள்ளது. பெரும்பகுதி நேரம் தொழிலகத்தில், எஞ்சிய நேரம் தொழிற்பள்ளியில் எனச் செல்லும் அப்பயிற்சிக்குத் தொழிலகத்துடன் ஒப்பந்தம் வேண்டும்; ஒப்பந்தத்திற்கு வேலை அனுமதி வேண்டும். கிம்னாசியம் மாணவனுக்குத் தேவைப்படாத அனுமதி, அச்சகத்திலோ தச்சுப்பட்டறையிலோ பயில விரும்பிய அகதி மாணவனுக்குத் தேவைப்பட்டது. கைத்தொழிலுக்கு ஆயத்தப்படுத்திய பள்ளியில் அமர்த்தப்பட்டவனுக்கே கைத்தொழிலின் கதவு அடைபட்டது.

இதற்குப் பின் நிகழ்ந்ததைத் தமிழரின் இயல்பான கல்விப்பற்று என்று கூறிவிடுவது வழக்கம். வேறொரு விளக்கத்தையும் முன்வைக்க விரும்புகின்றேன். தொழிற்பயிற்சிக்குச் செல்ல இயலாத பலருக்குப் பள்ளியில் தொடர்ந்து இருப்பதே திறந்திருந்த ஒரே வழி. நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலனில் ஹவுப்ட்சூலேயின் பத்தாம் வகுப்பிற்கு 'பி' என்ற பிரிவு இருந்தது. அது உயர்பள்ளிகளுக்கு வழிவிட்டது. நான் அறிந்த மாணவனும் அவ்வழியே சென்றான். கல்விப்பற்று இருந்தது உண்மை. அதனை நீண்ட பள்ளிவாழ்வாக மாற்றியதில் வேலைத்தடைக்கும் பங்கு இருந்தது. வெற்றிக் கதையாக நாம் சொல்வதின் ஒரு பகுதி, அடைபட்ட கதவின் முன் எடுக்கப்பட்ட முடிவு. அடுத்த பள்ளத்தாக்கில் மாதக்கணக்கில் காத்திருந்த சிறுமிக்கு அந்த வழியும் வாய்க்கவில்லை. இழந்த மாதங்களை ஈடுசெய்யுமுன் அவளுக்குக் கட்டாயக் கல்வியின் வயது கடந்துவிட்டது.

முடிவுரை

ஒரு கல்வியாண்டின் ஆய்விலிருந்து மூன்று முடிவுகளை முன்வைக்கலாம். முதலாவது, அகதிப் பிள்ளையின் வாழ்வில் பள்ளியாண்டு அறிவை மட்டுமன்றிக் காலத்தையே வழங்கியது. அடுத்த வகுப்பு என்ற சொல், அடுத்த நீடிப்பு என்ற சொல்லுக்கு எதிராக நின்றது. இரண்டாவது, அப்பிள்ளை பள்ளிக்குள் நுழைந்ததும் நுழையாததும் சட்டத்தைவிடத் தனிமனிதரின் மனத்தைச் சார்ந்திருந்தன. நல்லாசிரியர் இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் இடையிலிருந்த தூரம் ஒரு பள்ளத்தாக்கே. மூன்றாவது, நம் தலைமுறையின் கல்வி வெற்றியை எழுதும்போது, காத்திருந்து தவறியவர்களையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.

இவ்வரலாற்றின் சான்றுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலனில் 2011இன் பள்ளி உடன்பாட்டின் பின் ஹவுப்ட்சூலேக்கு இருந்த அரசியலமைப்புப் பாதுகாப்பு நீங்கியது. சிற்றூர்களில் அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. நான் அறிந்த பள்ளியின் கட்டடமும் இன்று வேறு பயனுக்கு உரியது. வகுப்புப் பதிவேடுகள் குறிப்பிட்ட சில ஆண்டுகளே பேணப்படும். எஞ்சியவை வீடுகளில் உள்ளன: தேர்ச்சி அறிக்கைகள், வகுப்பு நிழற்படங்கள், மாவட்டம் கடக்கும் அனுமதிச் சீட்டுகள், படப்பிரதித் தமிழ்ப் பாடங்கள், விளையாட்டுச் சான்றிதழ்கள். நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிமப்படுத்திப் பேணிவருவதைப் போன்று இத்தாள்களையும் திரட்டும் பணியைத் தமிழாலயங்களும் ஊர்ச் சங்கங்களும் ஊராட்சி ஆவணக் காப்பகங்களும் இணைந்து தொடங்க வேண்டும். அவற்றை வைத்திருப்போர் இன்று ஐம்பது வயதைக் கடந்துவிட்டனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அத்தாள்களின் மொழி தெரியும். அவை எதற்காகப் பத்திரப்படுத்தப்பட்டன என்பதை யாராவது சொன்னால்தான் தெரியும்.